பயணத்தில் உடைந்த வீணை: பழுதுபார்ப்பதா, மாற்றிக் கேட்பதா?

தஞ்சாவூரிலிருந்து டொரன்டோவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்ச் சேர்ந்த பெட்டியைத் திறந்தால் யாளி முகம் தனியே கழன்று கிடக்கிறது. யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அந்தக் கலக்கத்தில் முடிவெடுக்கக் கூடாது. உள்ளூரிலேயே பழுதுபார்ப்பது, செய்தவருக்குத் திருப்பி அனுப்புவது, வேறு வீணை கேட்பது, பணமாக இழப்பீடு வாங்குவது என நான்கு வழிகள் முன்னே இருக்கின்றன. உடைப்பு எவ்வளவு கோரமாகத் தெரிகிறது என்பதை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் தவறிப்போகும். விட்டது ஒட்டா, வெடித்தது மரமா என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பலா மரத்தில் செய்யும் தஞ்சாவூர் வீணையில் குடம், தண்டி, யாளி மூன்றையும் தனித்தனியே செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை; ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. ஒட்டு வீணையில் யாளி கழன்றாலும், தண்டி குடத்தை விட்டு விலகினாலும், பிரிந்தது முன்பே கையால் சேர்த்த இடம். விளிம்புகள் சிதையாமல் பிரிந்திருந்தால் கைதேர்ந்த ஆசாரி திரும்பச் சேர்த்து, தண்டியை நேர்படுத்திவிடுவார். பார்க்கப் பயங்கரமான இந்த உடைப்பைவிட அஞ்ச வேண்டியது, குடத்தின் மேற்பலகையில் குதிரைக்கு அடியில் ஓடும் மயிரிழை விரிசல். தந்திகளின் இழுப்பு குதிரை வழியே அந்தப் பலகையைத்தான் அழுத்துகிறது. நாதம் எழுவதும் அங்கேதான். சுருதி கூட்டியதும் விரிசல் நீளலாம். பலகை அமிழ்ந்து குதிரை தாழ்ந்தால் தந்தி மெட்டில் பட்டு இரையும். ஆகவே தந்தியை முறுக்குவதற்கு முன்பே பலகையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்து, விரலால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். விரிசல் உள்ள இடத்தில் ஓசை கரகரக்கும். ஏகாண்ட வீணையில் தண்டி முறிந்தால் அது மரமே முறிந்தது என்பதால், அதே அளவு உடைப்பும் அங்கே கனமானது.

மெட்டுகள் சாய்ந்திருப்பதை உடைப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. தேன்மெழுகு 60 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டினாலே உருகும், அதற்கு முன்பே இளகும். வெயிலில் நின்ற வண்டிக்குள் மெட்டு நகர்வது இயல்பு. மறுபடி மேளம் கட்டினால், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கேற்ப மெழுகில் பதித்தால், சரியாகிவிடும். சுரைக்காய் நசுங்கினால் வேறு மாட்டிக்கொள்ளலாம். இவ்விரண்டுக்காக வீணையைத் திருப்பி அனுப்புவது வீண்.

ஒட்டு மட்டும் விட்டிருந்தால் உள்ளூர்ப் பழுதே நல்லது என்பேன். வீணை தெரிந்த ஆசாரி வெளிநாட்டில் எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒட்டைச் சேர்ப்பது மரவேலை. வயலின், கிட்டார் பழுதுபார்க்கும் நல்ல கைவினைஞருக்கு அது கைவந்த வேலை. மேளம் கட்டுவதை மட்டும் சுரஞானம் உள்ள வீணைக்காரரிடம் விடுங்கள். நீங்களே அரால்டைட் பூசிவிடாதீர்கள். இறுகிய பசையைச் சுரண்டும்போது மரமும் சேர்ந்து போகும், பிறகு ஒட்டு பொருந்தாது. மேற்பலகை வெடித்தது புது வீணை என்றால் தயங்காமல் வேறு கேளுங்கள். ஒட்டுப்போட்ட பலகையைப் புது விலைக்கு ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மாற்றி வருவதும் அதே வழியில்தானே வரும் என்பது சரியான மறுப்பு. அதனால் வீணையை மாற்றக் கேட்கும்போதே கட்டும் முறையையும் மாற்றச் சொல்லுங்கள்: சுரைக்காய் கழற்றி, தந்தி தளர்த்தி, தண்டி நெடுகத் தாங்கலோடு, யாளி பெட்டியில் முட்டாமல். பாட்டி வாசித்த பழைய வீணைக்கோ மாற்று என்பதே கிடையாது. அதற்குப் பலகை மாற்ற வேண்டியிருந்தால் இரண்டாம் பயணத்தின் ஆபத்தையும் ஏற்றுச் செய்தவர் கைக்கே அனுப்புவது தகும்.

பணம் மட்டும் வாங்கி ஒதுங்குவது கடைசி வழி, ஏனென்றால் தொகை சிறியது. விமானச் சரக்குக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, தனியாக மதிப்பு அறிவிக்காவிட்டால் பொறுப்பு எடைக் கணக்கில்தான்: 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 20 கிலோ பெட்டிக்கு உச்சவரம்பு 520. வீணையின் விலை அந்தக் கணக்கில் வராது. அனுப்பும்போதே மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தியிருந்தால், அல்லது காப்பீடு எடுத்திருந்தால், நிலைமை வேறு. அப்போது பழுதுச் செலவோடு மதிப்புக் குறைவையும் சேர்த்துக் கேட்கலாம். அஞ்சலில் அனுப்பிய பார்சலுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது, அஞ்சல் துறையின் விதிகளே பொருந்தும். விமானச் சரக்கில், பெட்டி கட்டியது சரியில்லை என்று விமான நிறுவனம் மறுக்கக்கூடும். ஒப்பந்தத்திலேயே அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவை பெட்டியும் உள்ளே திணித்த பஞ்சும்தான். அவற்றை எறிந்துவிட்டால் உங்கள் கையில் சான்று இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் புகார் முந்த வேண்டும். விமானச் சரக்காக வந்திருந்தால் பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள், பயணியின் பதிவு செய்த மூட்டையாக வந்திருந்தால் 7 நாளுக்குள், எழுத்தில் தர வேண்டும். தவறினால் வழக்கே நிற்காது. பெட்டியின் ஆறு பக்கங்களையும் படமெடுத்து, திறந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆசாரியைத் தேட அதன் பிறகு நேரம் இருக்கிறது.