வைட்டமின் சி: மாத்திரையா, மரத்தடியா?

மண்ணுக்கு என்ன போடலாம், பயிருக்கு என்ன தெளிக்கலாம் என்றுதான் இந்தப் பக்கங்களில் பேசுகிறோம். இந்த முறை நம் உடம்புக்கு நாமே போட்டுக்கொள்ளும் ஒரு பொருளைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். அப்படிப்பட்டவன் என் உடம்புக் கணக்கில் தப்புப் பண்ணினேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2020இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரோடு வைட்டமின் சி மாத்திரையும் ஊரெல்லாம் பழக்கமானது. நானும் மருந்துக்கடையில் 500 மில்லிகிராம் மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கினேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. புளிப்பும் இனிப்புமாக, பெப்பர்மிண்ட் மாதிரி இருந்தது. கொரோனா அடங்கிய பிறகும் நிறுத்தவில்லை. "வைட்டமின்தானே, என்ன பண்ணிடப்போகுது" என்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது.

2022 மாசியில் ஒரு ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, என்னைத் தரையில் உருள வைத்துவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகக் கல். டாக்டர், "சார், தினமும் என்னென்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டார். பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னேன். பின்னால் நின்ற என் வீட்டம்மா, "ஏங்க, அந்த ஆரஞ்சு மாத்திரையைச் சொல்லலையே" என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கல்லுக்கு அதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். வெயில்ல நிக்கிறீங்க, தண்ணி குறைவாக் குடிக்கிறீங்க. ஆனா தேவையில்லாத ஒண்ணை எதுக்குப் போடணும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து தோட்டத்தில் நடந்தேன். வரப்போரம் நான் வைத்த எட்டு நெல்லி மரங்கள். பழம் உதிர்ந்து கிடக்கிறது, ஆடு தின்றுகொண்டிருக்கிறது. பிறகு படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது: ஆடு, மாடு, நாய், கோழி எல்லாம் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். மனிதனுக்கும் குரங்குக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதாவது, தானே தயாரித்துக்கொள்ளும் ஆடு என் நெல்லியைத் தின்றது. தயாரிக்கத் தெரியாத நான் கடைக்குப் போனேன்!

உடம்புக்கு இது எதற்கு?

தோல், ஈறு, எலும்பு, ரத்தக்குழாய் இவற்றைக் கட்டி நிறுத்துவது கொலாஜன் என்ற புரதம். அது உறுதியாக அமைய வைட்டமின் சி வேண்டும். இது சுத்தமாகக் கிடைக்காவிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஸ்கர்வி நோய் தலைகாட்டும். ஈறு வீங்கி ரத்தம் கசியும், புண் ஆறாது, பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் இதில் ஏராளமாகச் செத்தார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். நாம் இரண்டு பாத்தி போட்டு ஒன்றில் பஞ்சகவ்யம் தெளித்து, ஒன்றில் தெளிக்காமல் பார்க்கிறோமே, அதே வழிதான்.

இன்னொரு முக்கியமான வேலை, கீரை, தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இது உதவுகிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் பெரிய விஷயம். கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கொஞ்சம் கூடுதல். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கூடுதலாகத் தேவைப்படும்.

வங்கி பாஷையில் சொல்கிறேன். வைட்டமின் ஏ, டி எல்லாம் ஃபிக்சட் டெபாசிட் மாதிரி. உடம்பில் சேர்ந்து கிடக்கும். வைட்டமின் சி நீரில் கரையும். அது கரண்ட் அக்கவுண்ட். வரவு செலவு தினமும் நடக்க வேண்டும். நிறைந்த பிறகு போடுவது நிற்காது. 200 மில்லிகிராம் வரை ஒரே வேளையில் எடுத்தால் குடல் ஏறக்குறைய முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். 1000 மில்லிகிராமுக்கு மேல் போனால் உள்ளே போவது பாதிக்கும் குறைவு. உள்ளே போனதிலும் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். நான் தினமும் போட்ட 1000 மில்லிகிராம், தேவையைப்போல் 12 மடங்கு. பயிர் எடுக்கிற அளவுக்கு மேல் யூரியா கொட்டினால் அது நிலத்தடி நீருக்குப் போகிறது என்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். அதையேதான் நான் என் உடம்பில் செய்துகொண்டிருந்தேன்.

சளிக்கு நல்லதா?

1970இல் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க அறிவியலாளர் வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று புத்தகம் எழுதினார். இரண்டு முறை நோபல் பரிசு வாங்கியவர், அதனால் உலகமே நம்பியது. அதன் பிறகு நடந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது இது: தினமும் மாத்திரை போடுவதால் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி விடுவதில் பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் நாள் குறைகிறது. ஏழு நாள் சளி ஆறரை நாளில் விடும், அவ்வளவுதான். சளி பிடித்த பிறகு மாத்திரையை ஆரம்பித்தால் நிச்சயமான பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் வீரர்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. கொரோனாவுக்கும் அமெரிக்காவில் தினம் 8000 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவின்படி நோய்க்குறிகள் விரைவில் குறையவில்லை.

இயற்கையா, செயற்கையா?

இது நம்மவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மாத்திரையில் இருப்பது அஸ்கார்பிக் அமிலம். பெரும்பாலும் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து குளுக்கோஸ் எடுத்து, நுண்ணுயிர் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். நெல்லியில் இருப்பதும் அதே அஸ்கார்பிக் அமிலம்தான். மூலக்கூறில் வித்தியாசம் இல்லை. ஆகவே "இயற்கை வைட்டமின் சி" என்று பச்சை இலை படம் போட்டு நாலு மடங்கு விலை வைத்த டப்பாவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். கொஞ்சம் நெல்லிப் பொடியும் மீதி அஸ்கார்பிக் அமிலமும் என்று இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு.

பழத்தின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதில் நார்ச்சத்து, துவர்ப்புச் சத்து, மற்ற சத்துகள் எல்லாம் கூட வருகின்றன. அளவுக்கு மீறித் தின்னவும் முடியாது, பல் கூசிவிடும்!

மாத்திரை வாங்கத்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு மாத்திரை தேவைதான். பல் இல்லாமல் கஞ்சி மட்டும் குடிக்கும் முதியவர், குடிப்பழக்கத்தால் சோறு மறந்தவர், டயாலிசிஸ் செய்பவர், அறுவைச் சிகிச்சை முடிந்தவர் என மருத்துவர் எழுதித் தந்தால் தயங்காமல் போடுங்கள். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. முதலில் மில்லிகிராம் அளவைப் பாருங்கள். குறைபாடு இல்லாதவருக்கு 100 மில்லிகிராமே தாராளம். 500தான் கிடைக்கிறது என்றால், எத்தனை நாளுக்கு என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த நாளோடு நிறுத்துங்கள்.

2. சப்பிச் சாப்பிடும் மாத்திரையில் சர்க்கரை இருக்கலாம். அமிலமும் பல்லை அரிக்கும். சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள்.

3. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வகையில் சோடியம் அதிகம். பிரஷர் உள்ளவர்களுக்கு உகந்ததல்ல.

4. சத்து மாத்திரை என்று விற்பதில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். வெள்ளை மாத்திரை பழுப்பாக மாறியிருந்தால் சத்து சிதைந்துவிட்டது என்று அர்த்தம்.

5. சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். வெறும் வயிற்றில் சிலருக்கு எரிச்சல் வரும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கும் வரும். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு நாளுக்கு 2000 மில்லிகிராம். அது தாண்டக்கூடாத எல்லை, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல.

யார் தள்ளி நிற்க வேண்டும்?

உடம்பு வைட்டமின் சியில் ஒரு பகுதியை ஆக்சலேட்டாக மாற்றுகிறது. பெரும்பாலான சிறுநீரகக் கற்களில் இருப்பது கால்சியம் ஆக்சலேட். சுவீடனில் ஆண்களிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை போட்டவர்களுக்குக் கல் வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், உடம்பில் இரும்பு சேரும் நோய் உள்ளவர்கள், தலசீமியாவுக்காக ரத்தம் ஏற்றுபவர்கள் தாங்களாக இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. கல் வந்தவர்கள் நெல்லிச் சாற்றைக்கூட டம்ளர் டம்ளராகக் குடிக்காமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய அளவு வைட்டமின் சி சில குளுக்கோமீட்டர்களில் சர்க்கரை அளவைத் தப்பாகக் காட்டும். சர்க்கரை நோயாளிகள் இதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தோட்டத்திலிருந்து தட்டுக்கு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் என்று இருந்தது. 2017 அட்டவணையில் 250ஐ ஒட்டி இருக்கிறது. குறைந்த கணக்கையே வைத்துக்கொள்வோம். சதை மட்டும் 30 கிராம் உள்ள ஒரு நெல்லிக்காயில் 75 மில்லிகிராம். ஒரு காய், ஒரு நாள் கணக்குத் தீர்ந்தது. கொய்யாவில் 100 கிராமுக்கு 200க்கு மேல். முருங்கைக்கீரை, அகத்திக்கீரையில் நூறுக்கு மேல். எல்லோரும் பெரிதாக நினைக்கும் எலுமிச்சையில் ஒரு பழச் சாற்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான். கொய்யாவை ஏழைப் பழம் என்று ஒதுக்கி, ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிப் போகிறோம்!

கீரையின் கணக்கு பச்சையாக இருக்கும்போது உள்ளது. சூடு, காற்று, தண்ணீர் மூன்றும் இந்தச் சத்துக்கு எதிரி. கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். கொஞ்சத் தண்ணீரில் மூடிபோட்டு சீக்கிரம் இறக்குங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். எலுமிச்சை ரசத்தை இறக்கி வைத்த பிறகுதான் நம் பாட்டிமார் பழம் பிழிவார்கள், காரணம் இருக்கிறது. செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பை வைக்காதீர்கள். காயவைத்த முருங்கைப் பொடியை மற்ற சத்துகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதில் வைட்டமின் சியை எதிர்பார்க்காதீர்கள். பச்சைப்பயறு முளைகட்டினால் அதில் புதிதாக வைட்டமின் சி உண்டாகிறது. பழம் இல்லாத மாதத்தில் இது கைகொடுக்கும்.

இப்போது அந்த இரும்புக் கதை. எங்கள் தோட்டத்தில் களை எடுக்க வரும் ஒரு பெண் அடிக்கடி தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். "போட்டுக்கிட்டுத்தான்யா இருக்கேன், ஒண்ணும் கேக்கலை" என்றார். விசாரித்தால், மாத்திரையை விழுங்குவதே டீயோடு! டீயின் துவர்ப்பு இரும்பை உள்ளே விடாது. என் வீட்டம்மா சொல்லிக்கொடுத்தாள்: மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம், மதியக் கம்பஞ்சோறு, கீரையோடு ஒரு நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ கடித்துக்கொள். மாத்திரையை விடாமல், இதையும் சேர்த்துச் செய்தார். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் ரத்தம் கூடியிருந்தது. இப்போது வேலைக்கு வரும் எல்லாருக்கும் பதினோரு மணிக்கு டீயை எடுத்துவிட்டு நீர்மோர் கொடுக்கிறோம். டீ நாலு மணிக்கு.

எனக்கும் கல் மறுபடி வரவில்லை. தினம் மூன்று லிட்டர் தண்ணீர், ஒரே ஒரு நெல்லிக்காய். மாத்திரை டப்பாவில் இப்போது கத்திரி விதை வைத்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. வீட்டு அலமாரியைத் திறந்து, யாரும் எழுதித் தராமலே ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரை எது என்று பாருங்கள். அடுத்த மழைக்கு வரப்போரம் ஒரு ஒட்டு நெல்லியும், கிணற்று மேட்டில் ஒரு கொய்யாவும் வையுங்கள். நெல்லிக்கு வறட்சியும் கொஞ்சம் உவர் மண்ணும் பொருட்டல்ல. காய் வந்ததும் ஆட்டுக்கு முன்னால் நீங்கள் போய்ப் பொறுக்கிவிடுங்கள்.