மூலம் என்று மூடி வைக்காதீர்கள்!



வெளிக்குப் போகிற சங்கதியைப் பேச எல்லோருக்கும் கூச்சம்தான். ஆனால் புருஷன் பெண்சாதிக்குள் கூச்சம் எதற்கு?

ஒரு கிராமக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாள் தனியாக வந்து சொன்னார்: "அவருக்கு ஆறு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் படுதுங்க. சூட்டு மூலம்னு மருந்து வாங்கிச் சாப்பிடறாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு." மறுநாளே இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அது மூலமல்ல; மலக்குடலில் கட்டி. சிகிச்சை முடிந்து அவர் இன்று வயல் வேலை பார்க்கிறார். அந்த அம்மாள் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தால்?

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. நீளம் சுமார் 15 செ.மீ.; ஒரு சாணுக்கும் குறைவு. அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை முளைகள் தோன்றும். அவற்றில் சில மட்டும், பல வருஷம் கழித்துப் புற்றாக மாறும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. மலத்தோடு ரத்தம் அல்லது சளி போவது.
2. மூன்று வாரத்துக்கு மேல் மலச்சிக்கலோ, பேதியோ, இரண்டும் மாறி மாறியோ இருப்பது.
3. போய் வந்த பிறகும் "இன்னும் மிச்சம் இருக்கு" என்ற உணர்வு.
4. மலம் வழக்கத்தைவிட மெலிந்து போவது.
5. காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ரத்தசோகை, அசதி.

இவை இருந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். மூலம், வெடிப்பு, சீதபேதி ஆகியவற்றிலும் ரத்தம் வரும். ஆனால் எது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. மூலம் உள்ளவருக்கே புற்றும் இருக்கலாம். "சின்ன வயசுதானே" என்றும் இருந்துவிடாதீர்கள். நம் நாட்டில் நாற்பது வயதுக்குள்ளும் இந்நோய் வருகிறது.

டாக்டர் கையுறை போட்டு விரலால் சோதிப்பார். ஒரு நிமிஷ வேலை. தேவையானால் குழாய்க் கருவியால் உள்ளே பார்த்து, துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். சதை எடுத்தால் நோய் பரவும் என்பது வீண் பயம்.

குணமாகுமா? அமெரிக்கக் கணக்குப்படி, நோய் குடலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால், 10 பேரில் சுமார் 9 பேர் ஐந்து வருஷம் தாண்டியும் வாழ்கிறார்கள். ஈரல், நுரையீரலுக்குப் பரவிய பிறகு என்றால் 10 பேரில் சுமார் 2 பேர்தான். நாள் கடத்துவதே எமன்.

அறுவை, கதிர், மருந்து என மூன்று வழியிலும் சிகிச்சை உண்டு. அறுவைக்குப் பின் சில மாதம் அடிக்கடி வெளிக்குப் போக நேரலாம். பெரும்பாலோருக்கு நாளடைவில் குறையும். சிலருக்கு வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டுவார்கள். பலருக்கு அது தற்காலிகமே. பையோடும் உழைக்கலாம், குடும்பம் நடத்தலாம். அப்போது துணைவரின் முகச்சுளிப்புதான் பெரிய வலி; அன்பான ஒரு வார்த்தை பாதி மருந்து.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பற்றியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இன்று இரவே ஒருவரையொருவர் கேளுங்கள்: "உனக்கு ஏதும் தொந்தரவு உண்டா?"

வெட்கம் நோயை வளர்க்கும். வெளியே சொன்னால் உயிர் பிழைக்கும்!