வாழும் தலைவர் வரலாறு

மறைந்த ஒருவரின் வரலாற்றை எழுதுதல் எளிது. அவர் வாழுங்காலத்திலேயே, அதிலும் அரசியலில் நின்று நண்பரும் பகைவரும் தம்மைச் சூழ்ந்திருக்கும்பொழுதே எழுதுதல் அரிது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் போன்ற அச்சு நூல்களில், ஒரு கட்டுரை அறிஞர் கையினின்று பதிப்பாசிரியர் கைக்குச் சென்று, திருத்தம் பெற்ற பின்னரே அச்சேறும். 2001-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் முறை வேறு. அதில் பெரும்பாலான பக்கங்களை யாவரும் எழுதலாம். பிறர் எழுதியதை மாற்றலாம். மாற்றியது அப்பொழுதே உலகெங்கும் தோன்றும். ஆதலின் பிழை திருந்துவதும் விரைவு. பிழை புகுவதும் விரைவு.

இதன் தீங்கு 2005-இல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. சான் சீகன்தாலர் என்பார் புகழ்பெற்ற செய்தித்தாள் ஆசிரியர். 1960-களின் தொடக்கத்தில் நாட்டின் தலைமை வழக்கறிஞராயிருந்த இராபர்ட் கென்னடிக்கு உதவியாளராகப் பணியாற்றியவர். 1961-இல் கறுப்பின மக்களின் உரிமைப் பயணத்தினரைக் காக்க முயன்று, மாண்ட்கோமரி நகரில் கலகக்காரரால் தாக்கப்பெற்று உணர்விழந்து வீழ்ந்தவர். இத்தகையோர், கென்னடி உடன்பிறந்தார் இருவரின் கொலையிலும் தொடர்புடையவராகக் கருதப்பட்டார் என்று அவரைப் பற்றிய பக்கத்தில் யாரோ ஒருவர் எழுதிவிட்டார். உடன் பணிபுரிந்த ஒருவரிடம் விளையாட்டாகச் செய்தது என்று எழுதியவர் பின்னர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவ்விளையாட்டு நான்கு திங்களுக்கு மேல் அழியாது நின்றது. வேறு இணையதளங்களுக்கும் பரவிற்று. இராபர்ட் கென்னடியின் உடலைச் சுமந்து சென்றோருள் சீகன்தாலரும் ஒருவர் என்பதை நினைத்தால், அச்சொற்கள் அம்முதியவரை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது விளங்கும்.

பகைமையும் விளையாட்டும் மட்டுமே வரலாற்றைக் கெடுக்கும் என்று எண்ணற்க. அன்பரும் ஊழியரும் கெடுப்பதுண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தினின்று 1992-இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற மார்ட்டி மீகன் என்பவர், நான்கு முறைக்கு மேல் அப்பதவியில் இருப்பதில்லை என்று முன்னர் உறுதி கூறியிருந்தார்; பின்னர் அவ்வுறுதியைக் காத்திலர். விக்கிப்பீடியாவில் இருந்த அவர் வரலாறு இதனைக் குறிப்பிட்டது. 2005-இல் அவருடைய அலுவலகப் பணியாளர் அப்பக்கத்தை அகற்றி, தாமே இயற்றிய வேறொரு வரலாற்றை அவ்விடத்தில் வைத்தனர். அதில் அவ்வுறுதிமொழியைப் பற்றிய பேச்சே இல்லை. எனினும் அப்பக்கத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் நாளும் நேரமுமாகப் பதிந்து நிற்பதாலும், பெயர் பதியாது எழுதுவோரின் இணைய எண் அந்நாளில் யாவரும் காண வெளிப்பட்டதாலும், காங்கிரசு அலுவலகக் கணினியினின்று அம்மாற்றம் செய்யப்பெற்றதை 2006 சனவரியில் அவ்வூர்ச் செய்தித்தாள் ஒன்று கண்டு வெளியிட்டது. சீகன்தாலர் பக்கத்தில் இல்லாதது சேர்ந்தது; இங்கே உள்ளது மறைந்தது. இரண்டனுள் மறைத்தலே கண்டறிய அரியது என்க. பொய்யைப் படிப்போன் ஐயுறக்கூடும், இல்லாத வரியை யார் ஐயுறுவார்?

மூன்றாவது தீங்கு நகைப்புக்கிடமானது. 2009 பிப்ரவரியில் செருமனியின் பொருளாதார அமைச்சராகக் கார்ல்-தியோடர் சூ குட்டன்பெர்க் அமர்த்தப்பெற்றார். அவர் உயர்குடியினர், அவருடைய இயற்பெயர்கள் பத்து. அவற்றினிடையே வில்கெல்ம் என்னும் பதினொன்றாம் பெயரை ஒருவர் விக்கிப்பீடியாவில் செருகிவிட்டார். மறுநாள் பெருஞ்செய்தித்தாள்கள் பல அப்பெயரையும் சேர்த்தே அச்சிட்டன. விக்கிப்பீடியாவில் சிலர் ஐயுற்றுச் சான்று எங்கே என்று வினவியபொழுது, அச்செய்தி நிறுவனங்களுள் ஒன்றன் கட்டுரையே சான்றாகக் காட்டப்பெற்றது! களஞ்சியத்தைப் பார்த்துச் செய்தியாளர் எழுதினர். செய்தியைக் காட்டிக் களஞ்சியம் தன்னை மெய்ப்பித்துக் கொண்டது. ஒருவனுக்கு அவனுடைய நிழலே சாட்சி சொல்வது போன்றதன்றோ இது? பல இடங்களில் எழுதியிருப்பதனால் மட்டும் ஒன்று மெய்யாகாது. அவ்விடங்கள் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே அறிந்து எழுதினவா என்பதே நோக்கத்தக்கது.

சீகன்தாலர் நிகழ்ச்சியின் பின், வாழ்வோர் வரலாற்றுக்கென விக்கிப்பீடியாவில் தனி நெறி வகுக்கப்பெற்றது. வாழும் ஒருவரைப் பற்றிச் சான்றின்றி எழுதப்பெற்ற பூசலுக்குரிய செய்தியை, எவரையும் கலந்து பேசக் காத்திராமல் உடனே நீக்கலாம், நீக்கவும் வேண்டும். அஃது இகழ்ச்சியாயினும் புகழ்ச்சியாயினும் ஒன்றே. ஆனால் பொதுவாழ்வில் உள்ள ஒருவர் மீது எழுந்த குற்றச்சாட்டு இன்றியமையாததாய், நம்பத்தக்க வெளியீடுகள் பலவற்றில் வந்திருப்பின், அவர் அதனை விரும்பாவிடினும் அஃது இடம்பெறும். அவர் அதனை மறுத்திருப்பின் அம்மறுப்பும் உடன் எழுதப்பெறும். முப்பதாண்டுப் பொதுவாழ்வினரைப் பற்றிய பக்கத்தில் ஒரு வாரத்துப் பூசல் பாதியிடத்தைக் கவர்தல் ஆகாது. தேர்தற் காலத்தில் இக்குற்றம் மிகுதி.

சொல்லில் வரும் சாய்வும் உண்டு. அமைச்சர் ஒருவர் ஒரு கணக்கை அவையில் வைத்தார் எனக் கொள்வோம். 'கூறினார்' என்பது நடுநிலைச் சொல். 'சாதித்தார்' எனின் அவர் கூற்றில் எழுத்தாளனுக்கு நம்பிக்கையில்லை என்பது தோன்றும். 'ஒப்புக்கொண்டார்' எனின் முன்னர் மறைத்தார் என்பது குறிப்பு. 'தெளிவுபடுத்தினார்' எனின் அவர் பக்கம் எழுத்தாளன் சேர்ந்துகொண்டான். செய்தி ஒன்றே, வினைமுற்று நான்கு. சான்று முழுதும் செம்மையாயிருந்தும் வரலாறு கோணுவது இவ்வாறே. தமிழில் எழுதுவோர்க்கு அடைமொழிகளாலும் இடர் உண்டு. பட்டங்களை அடுக்கிய தொடர், மேடைக்கு அழகு, களஞ்சியத்திற்கு அன்று.

விரைவும் ஒரு பகையே. 2009 சனவரி 20-இல் பராக் ஒபாமா பதவியேற்ற நாளில், விருந்தின்போது செனட்டர் எட்வர்ட் கென்னடி மயங்கி வீழ்ந்தார். அன்றே அவரும், செனட்டர் இராபர்ட் பேர்டும் இறந்துவிட்டனர் என்று விக்கிப்பீடியாவில் எழுதப்பெற்றது. சில நிமிடங்களில் அது நீக்கப்பெற்றது. கென்னடி அவ்வாண்டு ஆகஸ்டு வரையும், பேர்டு 2010 சூன் வரையும் வாழ்ந்தனர்.

தம் பக்கத்தில் பிழை காணும் அரசியலார் யாது செய்யலாம்? ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடற் பக்கம் ஒன்று உண்டு. அவர்தாமோ அவர் பணியாளரோ அங்கே தம்மை இன்னாரென அறிவித்து, பிழையைச் சுட்டி, சான்றைக் காட்டலாம். தொடர்பற்ற ஒருவர் அதனை ஆய்ந்து திருத்துவார். ஊதியம் பெற்று எழுதுவோர் அதனை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்பது 2014 முதல் விதியாகவே உள்ளது. 2005-இல் மீகனின் பணியாளர் செய்ததை இன்று ஒருவர் அறிவிப்பின்றிச் செய்வாராயின், அது விதிமீறல் ஆகும்.