பேச்சு தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்: ஆட்டிசம் பரிசோதனைக்குக் கோபியிலிருந்து எங்கே, எப்படி?

கோபிசெட்டிபாளையம் பக்கம் இரண்டு வயது தாண்டியும் பேசாத பிள்ளையைப் பற்றி யாரிடம் சொன்னாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். "அவங்கப்பனும் நாலு வயசுலதானுங் பேசுனான், தானா வந்துரும்" என்பார் அப்பத்தா. வசம்பை இழைத்து நாக்கில் தடவச் சொல்வார் அம்மிச்சி. பாரியூர் அம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்வார் பக்கத்து வீட்டுக்காரர். வேண்டிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அதே வாரத்தில் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். தாமதமாகப் பேச ஆரம்பித்த பிள்ளைகளில் பலர் பின்னால் மற்றவர்களை எட்டிப் பிடிப்பது உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை தானாக எட்டிப் பிடிக்கும், எந்தப் பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும் என்பதை வீட்டிலிருந்தபடி யாராலும் சொல்ல முடியாது.

பேச்சுத் தாமதத்துக்கு ஒரு காரணமாக இருக்கக்கூடிய ஆட்டிசம் ஏதோ ஒரு வீட்டில் மட்டும் காணப்படுவதும் அல்ல. நாட்டின் 5 இடங்களில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2018-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, ஏறத்தாழ நூற்றில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கண்டது.

கிளம்புமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் முன்னால் இருப்பது மூன்று தனித்தனி வேலைகள். முதலாவது ஸ்கிரீனிங்: சந்தேகப்பட இடமிருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது முழுப் பரிசோதனை: ஆட்டிசமா, வேறு ஏதாவதா என்று முடிவு செய்வது. மூன்றாவது அரசுச் சான்றிதழ்: சலுகைகளுக்கானது. மூன்றும் நடக்கும் இடம் வேறு, பிடிக்கும் காலமும் வேறு. பயிற்சியைத் தொடங்க இந்த மூன்றும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வளர்ச்சியில் தாமதம் என்று தெரிந்த அன்றே தொடங்கலாம்.

1. எதைக் கவனிப்பது?

ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும். 16 மாதத்தில் ஒற்றைச் சொல்லாவது வர வேண்டும். ஒன்றரை வயதில் காக்காயையோ பஸ்ஸையோ விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வயதில் "பால் குடு" என்பதுபோல் இரண்டு சொல்லைத் தானாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது இதில் சேராது. எந்த வயதாக இருந்தாலும் சரி, வந்த பேச்சோ பழக்கமோ நின்றுபோனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பேச்சு வரவில்லை என்பது மட்டுமே ஆட்டிசம் ஆகாது. பேச்சு வராவிட்டாலும் கண்ணைப் பார்த்து, கையை நீட்டி, ஜாடையில் கேட்டு வாங்குகிற பிள்ளை இருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிஸ்கட் டப்பாவின் மேல் வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தை ஏறிட்டும் பார்க்காத பிள்ளையும் இருக்கிறது. டாக்டர் முக்கியமாகத் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான். பொம்மைக் காரை ஓட்டாமல் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பது, பொருள்களை வரிசையாக அடுக்குவது, கைகளை உதறுவது, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது, ஒன்றிரண்டு உணவைத் தவிர எதையும் வாயில் வைக்காதது ஆகியவற்றையும் கவனியுங்கள்.

2. எழுதுங்கள், வீடியோ எடுங்கள்

கூட்டமான ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த பிள்ளை அங்கே அழும், இல்லையென்றால் தூங்கும். வீட்டில் அது எப்படி இருக்கிறது என்பதை உங்கள் செல்போன்தான் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு நிமிட வீடியோ நாலைந்து போதும்: விளையாடும்போது பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது, வேண்டிய பொருளைக் கேட்பது, மற்ற பிள்ளைகளுக்கு நடுவே இருப்பது, சாப்பிடுவது, திரும்பத் திரும்பச் செய்யும் செய்கை. "இங்க பாரு கண்ணு, சிரி" என்று சொல்லி எடுக்காதீர்கள். அதன் போக்கில் விட்டு எடுங்கள்.

ஒரு நோட்டில் பிறந்த விவரம் எழுதுங்கள். எத்தனையாவது மாதப் பிரசவம், பிறந்த எடை, உடனே அழுததா, இன்குபேட்டரில் வைத்தார்களா, மஞ்சள் காமாலை, வலிப்பு ஏதும் வந்ததா. தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல் எந்தெந்த மாதத்தில் என்றும் குறியுங்கள். "சரியா பேச மாட்டீங்கறான்" என்று எழுதுவதைவிட, "மொத்தம் ஆறு சொல் சொல்வான், போன தீபாவளிக்கு 'அப்பா' சொன்னான், இப்போது சொல்வதில்லை" என்று எழுதினால் டாக்டருக்கு உதவும்.

3. முதலில் போக வேண்டிய இடம்

அங்கன்வாடியில் சொல்லுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் குழு, அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. குழு வரும் நாள்வரை பொறுக்க வேண்டாம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, கோபி அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ, வழக்கமாகக் காட்டும் குழந்தை டாக்டரிடமோ போங்கள்.

சளி, காய்ச்சலுக்குப் போன இடத்தில் கடைசியாக இதையும் கேட்காதீர்கள். இதற்கென்றே போய், "வளர்ச்சி தாமதமா இருக்கு, ஆட்டிசம் ஸ்கிரீனிங் பண்ணிப் பாருங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். 16 முதல் 30 மாதம் வரையிலான பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். 0 முதல் 2 வரை வந்தால் சந்தேகம் குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் விவரமாகத் திரும்பக் கேட்பார்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே முழுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இது சந்தேகத்தை அளப்பது மட்டுமே. இதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது. 30 மாதம் தாண்டிய பிள்ளைக்கு வேறு பட்டியல்கள் உண்டு.

"ஆறு மாசம் பார்த்துட்டு வாங்க" என்று பதில் வந்தால், "சரிங்க, அதுக்குள்ள காதுப் பரிசோதனைக்கும் ஸ்பீச் தெரபிக்கும் எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஆறு மாதம் வீணாகாது.

4. காதை விட்டுவிடாதீர்கள்

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம். டி.வி. விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருகிறதே என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். சில வகைச் சத்தம் மட்டும் கேட்கும் குறைபாடும் உண்டு. ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டு பரிசோதனைகளும் வலிக்காதவை. பெரா எடுக்கும்போது பிள்ளை தூங்க வேண்டும். முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்காமல் பார்த்துக்கொண்டு கூட்டிப் போனால் பெரும்பாலும் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

ஆட்டிசத்தைக் காட்டித் தருகிற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வலிப்பு வந்திருந்தால் இ.இ.ஜி., டாக்டருக்கு வேறு சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. அல்லது மரபணுப் பரிசோதனை எழுதுவார். எதற்காக என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

5. முழுப் பரிசோதனைக்கு எங்கே?

அரசு வழி என்றால் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். குழந்தை டாக்டர், உளவியல் நிபுணர், காது-பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட மையம் இது. செலவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கோபி அரசு மருத்துவமனையிலோ பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு, எந்தக் கிழமையில் யார் இருப்பார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். உளவியல் நிபுணர் இல்லாத நாளில் போனால் அலைச்சல்தான் மிச்சம். பெருந்துறையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சத்தி, புளியம்பட்டி, அன்னூர் வழியாகப் போனால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

தனியாரில் பார்ப்பதானால் வளர்ச்சித் துறைக் குழந்தை மருத்துவர், குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், குழந்தைகள் மனநல மருத்துவர் ஆகிய மூவரில் ஒருவரைப் பாருங்கள். கோவையில் மூவகையினரும் உண்டு. தெரபி சென்டரில் வேலை செய்பவர் ஒருவராகவே "ஆட்டிசம்தான்" என்று முடிவு சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

குழப்பம் தீராவிட்டால் வேலூர் சி.எம்.சி., முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் என்று போகலாம். திம்பம் வழியாகப் பெங்களூரு போகிறவர்கள் மலைப்பாதையின் இரவுக் கட்டுப்பாட்டை நினைவில் வைத்துப் பகலில் கிளம்புவது நல்லது. பெரிய இடத்தில் தேதி கிடைக்க நாளாகும். தேதிக்குப் பதிந்துவிட்டு, இங்கேயே தெரபியைத் தொடங்கிவிடுங்கள்.

6. பரிசோதனை அன்று

தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, காதுப் பரிசோதனை ரிப்போர்ட், பழைய சீட்டுகள், அங்கன்வாடி டீச்சர் எழுதிக் கொடுத்த குறிப்பு, உங்கள் நோட்டு, வீடியோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி, பிடித்த பொம்மை, வழக்கமாகச் சாப்பிடும் தீனி இருக்கட்டும். காய்ச்சல் என்றால் வேறு நாள் கேளுங்கள். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மிச்சியையும் கூட்டிப் போங்கள். பாதிக் கேள்விகளுக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.

உள்ளே தரையில் உட்காரவைத்து விளையாட விடுவார்கள். பந்தை உருட்டுவார்கள், சோப்பு நுரைக் குமிழி ஊதுவார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குமிழி நின்றதும் இன்னும் வேண்டும் என்று பிள்ளை எப்படிக் கேட்கிறது என்பதுதான் அங்கே பரிசோதனை. "மாமாவுக்கு ஏபிசிடி சொல்லு சாமி" என்று நடுவில் புகாதீர்கள். உங்களிடம் தனியாக ஒரு மணி நேரம்கூடக் கேள்வி கேட்பார்கள். சி.ஏ.ஆர்.எஸ்., ஐ.என்.டி.டி., 40 அம்சங்கள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துவார்கள். பிள்ளை தானாக என்னென்ன செய்துகொள்கிறது என்று அளக்கும் தேர்வும் கூடவே நடக்கும். ஒரே நாளில் முடியாமல் இரண்டு, மூன்று முறை வரச் சொல்வதும் உண்டு.

வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். "எப்பவாவது செய்வானுங்" என்றால் அப்படியே சொல்லுங்கள்.

7. ரிப்போர்ட்டை வாங்கியதும் கேட்க வேண்டியவை

ரிப்போர்ட் எழுத்தில் வேண்டும். எந்தத் தேர்வு, என்ன மதிப்பெண், யார் பார்த்தார் என்பது அதில் இருக்க வேண்டும். பிறகு கேளுங்கள்: ஆட்டிசமா, வளர்ச்சித் தாமதமா, இரண்டுமா? கூடவே வலிப்பு, தூக்கக் கோளாறு, துறுதுறுப்பு ஏதாவது உண்டா? எந்தத் தெரபி, வாரத்துக்கு எத்தனை முறை? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அடுத்து எப்போது காட்ட வேண்டும்?

பெற்றோர் வளர்த்த முறையால் ஆட்டிசம் வராது. தடுப்பூசியாலும் வராது. அப்படிக் கிளப்பிவிட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மருமகளை நோக்கி விரல் நீட்டும் வீடுகளில் இதை டாக்டரையே எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லுங்கள்.

8. பயிற்சி இன்றே

தேவைக்கேற்ப ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்பாசிரியர் பயிற்சி. ஸ்பீச் தெரபிஸ்ட், உளவியல் நிபுணர், சிறப்பாசிரியர் ஆகியோரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் இருக்கிறார்கள். அங்கே பேரைப் பதிந்து வையுங்கள்.

வாரத்தில் இரண்டு மணி நேரத் தெரபியைவிட வீட்டில் கழியும் நேரம்தான் அதிகம். செல்போனை ஒதுக்கி வையுங்கள். போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிடவில்லை. ஆனால் போன் இருக்கும் நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை பிள்ளைக்கு இருக்காது. முறுக்கை முழுதாகக் கையில் கொடுக்காமல் துண்டு துண்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பார்வையோ ஒரு ஜாடையோ வரட்டும், உடனே கொடுங்கள். "இன்னும்" என்ற சொல்லை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

9. சான்றிதழ்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் கட்டணமின்றி விண்ணப்பித்து, குறித்த நாளில் மருத்துவக் குழு முன் பிள்ளையைக் காட்ட வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று தேவை. சிறு வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான், பிறகு புதுப்பிக்க வேண்டும். உதவித்தொகை, பஸ் பாஸ் பற்றி ஈரோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வரம்புக்கு உட்பட்டு தெரபிச் செலவும் அதில் சேரும். "சர்டிபிகேட் வாங்குனா பொண்ணு கிடைக்காது" என்று தயங்குகிறவர்கள் உண்டு. பள்ளியில் சேர்க்கவும் தேர்வில் சலுகை கேட்கவும் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

10. பணம் பிடுங்குகிறவர்கள்

ஆட்டிசத்தை முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது. "மூணு மாசத்துல பேச வைக்கிறோம்" என்று மொத்தப் பணத்தையும் முன்னால் கேட்கும் இடத்தில் நிற்காதீர்கள். தெரபி அறைக்குள் பெற்றோரை விடாத இடமும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பரிசோதனையில் ஆட்டிசம் இல்லை என்று வரலாம். நிம்மதிதான், ஆனால் பைலை மூடிவிடாதீர்கள். இரண்டரை வயதில் ஆறே சொல் பேசும் பிள்ளைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஸ்பீச் தெரபி வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டும் தேதியைக் கேட்டு, ரிப்போர்ட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.