இரண்டு தாளங்கள், ஒரு வகுப்பறை

எட்டாம் வகுப்பில் எப்போதும் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாணவனைப் பலமுறை கண்டித்திருக்கிறேன். "கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்பது என் வழக்கமான கேள்வி. அந்தத் தட்டலை நான் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டது, சமூக அறிவியல் பாடவேளையில் ஒரு ஜாஸ் இசைப் பதிவை ஒலிக்கவிட்ட நாளில்தான்.

மணவாள நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் பலர். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று வாழ்பவர்கள் அவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வரலாற்றை அவர்களுக்கு இசை வழியாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

தடை செய்யப்பட்ட முரசு

1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு முழக்கியபடி கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அங்கு அடிமைகள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடை செய்தது. முரசைப் பிடுங்கலாம்; தாளத்தைப் பிடுங்க முடியுமா? அவர்கள் கைதட்டியும் தொடையில் தட்டியும் காலால் தரையை மிதித்தும் அதைக் காப்பாற்றினர். நியூ ஆர்லியன்ஸ் நகரின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இசைத்தனர். பின்னாளில் அந்த நகரில்தான் ஜாஸ் வளர்ந்தது.

சாக்சபோனோ ஐரோப்பியக் கருவி. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இராணுவ வாத்தியக் குழுக்களில் ஒலித்த அந்தக் கருவியைக் கறுப்பினக் கலைஞர்கள் தம் குரலாக்கிக்கொண்டனர். 1967இல் ஜான் கோல்ட்ரேன் சாக்சபோனும் ரஷீத் அலி டிரம்ஸும் மட்டும் வாசித்துப் பதிவு செய்த 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' இதற்கு நல்ல சான்று. அதில் ஒருவர் மற்றவருக்குப் பக்கவாத்தியம் அல்லர். இருவரும் சமமாகப் பேசுகிறார்கள்.

தன்னைத் தன் கண்ணாலும், தன்னைத் தாழ்வாகக் கருதும் சமூகத்தின் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்க்க நேரும் நிலையை டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இல் வெளிவந்த தம் நூலில் 'இரட்டை உணர்வு' என்று விளக்கினார்.

நாம் அறிந்த சாக்சபோன்

மாணவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க, 1994இல் வந்த 'டூயட்' திரைப்படத்தின் சாக்சபோன் இசையை ஒலிக்கவிட்டேன். வாசித்தவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக் கலைஞரின் மகனான அவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு அதன்மேல் ஆசைகொண்டார். கமகங்கள் வரும்படி கருவியில் மாற்றங்கள் செய்து, பல ஆண்டுகள் உழைத்து, அதைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தார். கருவி எங்கு பிறந்தது என்பதைவிட, அதை யார் கையிலெடுத்து எதைச் சொல்கிறார் என்பதே முக்கியம் என்று மாணவர்களே முடிவுக்கு வந்தனர்.

செயல்பாடு: மூன்றும் நான்கும்

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரிக்கவும்.

1. முதல் குழு 1 முதல் 12 வரை ஒரே சீராக, திரும்பத் திரும்ப எண்ணும்.
2. இரண்டாம் குழு 'தகிட' என்று சொல்லி 1, 4, 7, 10இல் கைதட்டும்.
3. மூன்றாம் குழு 'தகதிமி' என்று சொல்லி 1, 5, 9இல் மேசையில் தட்டும்.

முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்ந்தும் செய்யவேண்டும். இரு தாளங்களும் 1இல் சேர்ந்து, பிரிந்து, 12 எண்ணிக்கை முடிந்து மீண்டும் 1இல்தான் சேரும். 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12 என்பதைக் கணக்கு ஆசிரியரும் இதைக்கொண்டே விளக்கலாம். ஆப்பிரிக்க இசையில் இப்படி வெவ்வேறு தாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒலிப்பது இயல்பு.

அவன் சொன்னது

எங்கள் வகுப்பில் முதல் சுற்றிலேயே எல்லாரும் தடுமாறினர். அந்த மாணவன் மட்டும் ஒரு கையில் மூன்றையும் மறு கையில் நான்கையும் சேர்த்தே தட்டினான். வகுப்பு அமைதியானது. "எப்படிப்பா?" என்றேன். சிரித்தானே தவிரப் பதில் சொல்லவில்லை.

மதிய இடைவேளையில் தனியாக வந்தான். "சார், எங்கப்பா பறை அடிப்பாரு. ஒரு கையில அடிக்குச்சி, ஒரு கையில சிண்டுக்குச்சி. ரெண்டும் வேற வேற பேசும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

அப்பாவின் தொழிலைக் கேட்டபோதெல்லாம் 'கம்பெனி வேலை' என்று எழுதிக்கொடுத்தவன் அவன். டு பாய்ஸ் சொன்னதை அன்று என் மாணவனின் முகத்தில் பார்த்தேன். அப்பாவின் கைத்திறன்மீது பெருமை. அது தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்.

நம் கவனத்திற்கு

இச்செயல்பாட்டைச் செய்யும் ஆசிரியர்கள், "உங்கள் வீட்டில் யார் என்ன வாசிப்பார்கள்?" என்று வகுப்பின் நடுவே கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி ஒரு குழந்தையின் சாதியைக் கேட்பதாக முடியக்கூடும். அவர்களாகச் சொன்னால் கேட்போம். சொன்னதைக் காப்போம். பறையை மற்ற எல்லாக் கருவிகளோடும் சேர்த்து, இசைக்கருவி என்றே பாடத்தில் பேசுவோம்.

அவன் சொன்னதை நான் வகுப்பில் சொல்லவில்லை. மறுவாரம் அதே செயல்பாட்டை மீண்டும் செய்தபோது, மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். வீட்டில் ஒடியா பேசும் மாணவி ஒருத்தி முதலில் கற்றுக்கொண்டாள். இப்போதும் அவன் மேசையில் தட்டுகிறான். நான் கண்டிப்பதில்லை, எத்தனை எண்ணிக்கை என்று கேட்கிறேன்.