கடலில் ஓர் ஆடு புலி ஆட்டம்

(கணக்கும் பொது அறிவும் பகுதி. எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி)



ஆடு புலி ஆட்டம் தெரியாதவங்க நம்ம பள்ளியில் இருக்க மாட்டீங்க. மூணு புலி ஒரு பக்கம், பதினைந்து ஆடு ஒரு பக்கம். இரண்டும் சமம் இல்லை, ஆனாலும் ஆட்டம் நடக்குது. அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் கூட்டமும் ரஷ்யாவின் கூட்டமும் மோதினால் என்ன ஆகும் என்று தாளில் ஆடிப் பார்க்கும் விளையாட்டும் இப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. ஆடு புலியில் எல்லாக் காயும் கண்ணுக்குத் தெரியும். இதில் எதிரியின் காய் எங்கே இருக்குன்னே தெரியாது. பாதி ஆட்டம் தேடுவதிலேயே போயிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அமெரிக்கக் கடற்படைப் போர்க் கல்லூரியில் 1880-களிலிருந்தே இப்படி ஆடிப் பழகுகிறார்கள். அந்தக் கடற்படையில் வேலை பார்த்த லாரி பாண்ட் என்பவர் 1980-ல் 'ஹார்பூன்' என்ற விளையாட்டை வெளியிட்டார். 1989-ல் அது கம்ப்யூட்டருக்கும் வந்தது. எங்க சித்தப்பா அதை ஆடுவார். அவரிடம் கேட்டு, விதிகளை ரொம்பச் சுருக்கி, நாங்க ஆறு பேர் மதிய இடைவேளையில் கிராஃப் தாளில் ஆடுறோம். இரண்டு அணிக்கும் தனித்தனி தாள். இரண்டு தாளையும் பார்க்கக்கூடியவர் நடுவர் மட்டும்தான்.

முதலில் காய்களைப் பார்ப்போம். அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பல் சுமார் 1,00,000 டன். நீளம் 333 மீட்டர். அணுசக்தியில் ஓடுது. விமானிகளையும் சேர்த்து 5,000 பேருக்கு மேல் அதில் இருப்பார்கள். நம்ம ஊர் சனம் மொத்தமும் ஏறினாலும் இடம் மிச்சம் இருக்கும்! நீராவியால் இயங்கும் நான்கு உந்துபொறிகள் விமானத்தைக் கவண்கல் மாதிரி வானத்தில் எறியும்.

ரஷ்யாவிடம் இருப்பது 'அட்மிரல் குஸ்னெட்சோவ்' ஒன்றுதான். அதுவும் 2018-ல் பழுது பார்க்கப் போய், அதன்பிறகு பணிக்குத் திரும்பவில்லை. அந்த 2018-லேயே அதைத் தாங்கி நின்ற மிதக்கும் மேடை மூழ்கியது, 2019-ல் கப்பலில் தீப்பிடித்தது. அதனால் இந்தப் போரை இன்னிக்குத் தாளில் மட்டும்தான் நடத்த முடியும். குஸ்னெட்சோவில் உந்துபொறி கிடையாது. மூக்குப் பக்கம் மேடு போல வளைந்திருக்கும், விமானம் ஓடிவந்து அதில் ஏறிக் குதிக்கணும். (நம் நாட்டு விக்ரமாதித்யாவிலும் இதே மேடுதான். அது முன்பு ரஷ்யாவின் 'அட்மிரல் கோர்ஷ்கோவ்'.) ஆனால் குஸ்னெட்சோவின் தளத்துக்கு அடியில் 12 பெரிய 'கிரானிட்' ஏவுகணைகள் உண்டு. நிமிட்ஸில் அப்படி எதுவும் இல்லை.

மேட்டில் ஏறிக் குதிப்பதற்கும் ஜெயிப்பதற்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இங்கதான் நம்ம பித்தாகரஸ் வருகிறார்.

பூமி உருண்டை. கப்பலின் ரேடார் எவ்வளவு சக்தியோடு இருந்தாலும் வளைவுக்கு அந்தப் பக்கம் கடல்மட்டத்தில் இருப்பதைப் பார்க்காது. எவ்வளவு தூரம் தெரியும்? பூமியின் ஆரத்தை வைத்துச் செங்கோண முக்கோணம் போட்டால் ஒரு சூத்திரம் கிடைக்கும். ரேடார் அலை கொஞ்சம் வளைவதையும் சேர்த்துக்கொண்டால், தூரம் (கி.மீ.) = 4.12 × √உயரம் (மீட்டர்). இரண்டு பக்கமும் உயரம் இருந்தால் இரண்டு வர்க்கமூலத்தையும் கூட்டிக்கணும்.

கப்பலின் ரேடார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கு, அலையை ஒட்டி 4 மீட்டர் உயரத்தில் ஏவுகணை வருதுன்னு வச்சுக்குவோம். 4.12 × (5 + 2) = சுமார் 29 கி.மீ. ஒலியைவிட ஒன்றரை மடங்கு வேகம், அதாவது நொடிக்கு 500 மீட்டர் என்றால், கண்ணில் பட்டதிலிருந்து 58 நொடி. அதற்குள் அடையாளம் கண்டு, முடிவெடுத்து, சுட்டு விழுத்தணும். காலை வழிபாட்டில் நாம் வரிசையில் நிற்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகுது.

ரேடாரையே விமானத்தில் ஏற்றிவிட்டால்? அமெரிக்காவின் 'ஹாக்ஐ' விமானம் அதற்கென்றே செய்தது. 8,100 மீட்டரில் பறந்தால் 4.12 × 90, கிட்டத்தட்ட 371 கி.மீ. தெரியும். அது கனமானது, உந்துபொறிதான் அதை எறிந்து அனுப்புது. குஸ்னெட்சோவின் மேட்டிலிருந்து அந்த மாதிரி விமானம் எதுவும் போவதில்லை. ஹெலிகாப்டரில் ரேடார் வைத்துத்தான் ரஷ்யா சமாளிக்கணும். ஹெலிகாப்டர் 2,500 மீட்டரில் நின்றால் 4.12 × 50 = 206 கி.மீ. மற்ற எல்லா வித்தியாசத்தையும்விட இதுதான் பெரிசுன்னு நான் நினைக்கிறேன். எங்க ரஷ்ய அணித் தலைவி மட்டும் ஒத்துக்கவே மாட்டாள். "என் 12 ஏவுகணையை மறந்துட்டியா?" என்பாள்.

அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கு. ரேடார் என்பது கரண்ட் போன ராத்திரியில் டார்ச் அடிக்கிற மாதிரி. நமக்குத் தெரிவதற்கு முன்னாடியே, தூரத்தில் இருப்பவனுக்கு நம்ம டார்ச் தெரிஞ்சுடும். அதனால் "ரேடாரை அணை" என்பதும் ஒரு நகர்த்தல்தான். ஏமாற்றவும் செய்யலாம். டாம் கிளான்சி 1986-ல் வெளியிட்ட 'ரெட் ஸ்டார்ம் ரைஸிங்' நாவலுக்காக அவரும் லாரி பாண்டும் ஹார்பூனை ஆடிப் பார்த்தார்கள். அந்தக் கதையில் சோவியத் விமானங்கள் பொய் இலக்குகளை ஏவி, அமெரிக்க விமானங்களை வேறு பக்கம் இழுத்துவிடும்.

அடுத்தது கழித்தல் கணக்கு. எங்க ஆட்டத்தில் அமெரிக்கக் கூட்டம் ஒரே நேரத்தில் 16 ஏவுகணைகளை விழுத்தலாம் என்று வைத்திருக்கோம். 20 வந்தால் 4 தப்பிவிடும். 24 வந்தால் 8. கூட நாலே நாலு அனுப்பினதுக்கு அடி இரண்டு மடங்கு! ஆனா அதே 24-ஐ 12, 12 என்று இரண்டு தடவையாக அனுப்பினால் ஒன்றுகூடத் தப்பாது. வேய்ன் ஹியூஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி இதைச் சமன்பாடாகவே எழுதியிருக்கிறார். குஸ்னெட்சோவிடம் இருப்பது 12 தானே. மீதிக்கு? ஒவ்வொன்றிலும் 24 கிரானிட் உள்ள நீர்மூழ்கிகள் ரஷ்யாவிடம் இருந்தன. 2000-ல் 118 பேரோடு மூழ்கிய 'குர்ஸ்க்' அந்த வகைதான். இரண்டும் ஒரே நிமிடத்தில் சுட்டால் 36. அமெரிக்க அணிக்கு அப்போ வேர்த்துவிடும்.

எத்தனை ஏவுகணை தப்பியது என்பது கழித்தலில் வரும். அதில் எத்தனை பட்டது என்பதைத் தாயக்கட்டை சொல்லும். போன மாதம் நிமிட்ஸ் மூழ்கியபோது அமெரிக்க அணி "இன்னொரு தடவை உருட்டலாம்"னு கேட்டுச்சு. நடுவர் மறுத்துட்டார். சித்தப்பா சொன்ன ஒரு சம்பவம்தான் காரணம். 1942 மே மாதம், மிட்வே தாக்குதலுக்கு முன்னால் ஜப்பான் தளபதிகள் அதை ஆடிப் பார்த்தார்கள். தாயம் விழுந்தபடி பார்த்தால் ஒன்பது குண்டுகள் பட்டு 'அகாகி', 'காகா' என்ற இரண்டு விமானந்தாங்கிகள் மூழ்கணும். அட்மிரல் உகாகி குறுக்கிட்டு, மூன்று குண்டுதான் பட்டது என்று மாற்றச் சொன்னார். அகாகி பிழைத்தது. காகாவையும் அடுத்த கட்ட ஆட்டத்தில் திரும்ப மிதக்க விட்டார்கள். ஜூன் 4 அன்று நிஜமான சண்டை நடந்தது. அகாகி, காகா, இன்னும் இரண்டு, ஆக நான்கு விமானந்தாங்கிகளை ஜப்பான் இழந்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு: கப்பல் ரேடார் 36 மீட்டர் உயரம். ஏவுகணை 9 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வருகிறது. கப்பலுக்கு எத்தனை நொடி இருக்கிறது? விடையை வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் வகுப்புக் கதவில் இருக்கும் பெட்டியில் போடவும். ஆட்டத்துக்கு இன்னொரு நடுவரும் வேணும். எட்டாம் வகுப்பும் வரலாம்.