இன்றே டோக்கன் போடலாமா?

கேள்வி: மதுரை ஒத்தக்கடையில் வரிசை வீடு ஒன்று பிடித்திருக்கிறது. "இன்னிக்கே டோக்கன் போடலைன்னா வேற பார்ட்டிக்குப் போயிரும்" என்கிறார் புரோக்கர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்தபின் ஆனைமலைப் பக்கம் மனைக்குக் கிராக்கி கூடியது உண்மை. ஆனால் திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோவைக் காட்டி விலை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இன்னும் திட்டம்தான்.

வரிசை வீட்டில் பக்கச் சுவர் பெரும்பாலும் பொதுச் சுவர். அதில் உங்கள் உரிமை என்ன, மாடி கட்டலாமா என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். பட்டா உங்கள் வீட்டுக்குத் தனியாக உட்பிரிவு ஆகியிருக்கிறதா? 30 ஆண்டு வில்லங்கம் பார்த்தீர்களா? பத்திரச் செலவு 9 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம், கையில் தனியாக வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை தெருவைப் போய்ப் பாருங்கள். அதன்பிறகு டோக்கன் போடுங்கள்.